நம்பத்தகும் வன்தட்டு யாது?

கல்லூரி விடுதிகளில் மாணாக்கரிடையே இந்நாளில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. கணினியிற் சேர்ந்த செய்திகளைச் சேமித்து வைத்தற்கு எந்த நிறுவனத்தாரது வன்தட்டு நம்பத்தக்கது என்பதே அது. கடைத்தெருவில் ஹார்டு டிஸ்க் என்று வழங்கப்பெறும் இப்பொருளைப்பற்றி ஒருவர் சீகேட் என்பர்; மற்றொருவர் அதனை மறுத்து வெஸ்டர்ன் டிஜிட்டல் என்பர்; பிறிதொருவர் தோஷிபாவே சிறந்ததென்று வற்புறுத்துவர். ஒவ்வொருவர் கூற்றுக்கும் சான்றாக நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு தட்டின் வரலாறுதான். தம்முடையது ஐந்தாண்டு உழைத்தது, தமையனார் வாங்கியது ஆறு திங்களிற் பழுதுற்றது என்னும் அளவிலே வழக்கு முடிந்துவிடுகின்றது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மையே. அச்சோறெல்லாம் ஒரே உலையில், ஒரே தீயில் வெந்தமையால் அம்மொழி பொருந்தும். வெவ்வேறு ஆலைகளில், வெவ்வேறு காலங்களில், எண்ணிறந்தனவாகச் செய்யப்பெறும் தட்டுகளுக்கு ஒரு தட்டு எங்ஙனம் பதமாகும்?

இவ்வினாவுக்கு விடை கூறுமுன் வினாவின் தகுதியையே ஆராய்தல் வேண்டுமென்பது எமது கருத்து. நல்ல நிறுவனத்தைத் தேர்தல் சிறு பயன் உடையதே. ஆயினும் நம்பகம் என்பது தட்டின்மேற் பொறித்த பெயரில் இல்லை. அத்தட்டிலுள்ளது வேறோரிடத்தும் படியாக உள்ளதா என்பதிலேயே உளது. தமிழ் பயிலும் மாணாக்கன் இயந்திரப் பொருளைப்பற்றி எழுதப் புகுவது என்னையெனின், ஏடுகளைக் காத்தலும் இழத்தலும் தமிழர்க்கு நெடுங்காலம் பழகிய செய்தி என்க. எமது ஊராகிய கம்பைநல்லூர் இந்நாளில் தருமபுரி மாவட்டம் எனப்படும் பழைய தகடூர்ப் பகுதியில் உள்ளது. அத்தகடூரின் பெயர் தாங்கிய நூலொன்று அடைந்த கதி இவ்வினாவுக்கு ஒருவாறு விடை தருவதாகும். அதனைப் பின்னர்க் காண்போம்.

வன்தட்டின் அமைப்பை அறிந்தாலன்றி அதன் அழிவை அறிதல் அரிது. அலுமினியத்தாலேனும் கண்ணாடியாலேனும் செய்த வட்டத் தகடுகளின்மேல் காந்தத்தன்மையுள்ள மெல்லிய பூச்சு இடப்பட்டிருக்கும். அத்தகடுகள் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் 5400 முறையேனும் 7200 முறையேனும் சுழலும். எழுதவும் படிக்கவும் வல்ல நுண்ணிய முனை ஒன்று தகட்டைத் தீண்டாமல், தலைமயிரின் பருமனிற் பல்லாயிரத்தில் ஒரு கூறாகிய உயரத்தில் மிதந்து செல்லும். 1956-ஆம் ஆண்டில் ஐ. பி. எம். நிறுவனத்தார் முதன்முதல் வெளியிட்ட வன்தட்டில் இரண்டடி அகலமுள்ள 50 தகடுகள் இருந்தன. அவையனைத்தும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளையே கொண்டன. இன்று சட்டைப்பையில் அடங்கும் 2 டெராபைட்டுத் தட்டோ, ஆங்கில எழுத்துக் கணக்கில் 2 லட்சம் கோடி எழுத்துகளைக் கொள்வதாகும். இத்துணை நுட்பமான கருவி நாளடைவில் தேய்தலும், ஓடும்போது கீழே விழுந்தால் முனை தகட்டில் உராய்தலும், மின்சாரத் தடுமாற்றத்தால் மின்சுற்றுப் பழுதுறுதலும் இயல்பே. ஆகவே அழியாத வன்தட்டு என்பதொன்று உலகில் இல்லை. முன் அழிவதும் பின் அழிவதும் என்பதே வேறுபாடு.

இனி நிறுவனங்களின் பெயரை நோக்குவோம். முன்னாளில் வன்தட்டுச் செய்தோர் பலர். குவாண்டம் நிறுவனத்தாரது வன்தட்டுத் தொழிலை 2001-இல் மாக்ஸ்டர் கைக்கொண்டது. அம்மாக்ஸ்டரையே 2006-இல் சீகேட் வாங்கிற்று. புஜித்சுவின் தொழில் 2009-இல் தோஷிபாவைச் சேர்ந்தது. சாம்சங்கின் தொழில் 2011-இல் சீகேட்டைச் சேர்ந்தது. இன்று எஞ்சி நிற்போர் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்னும் மூவரே. வெளிப்பெட்டியின்மேல் வேறு பெயர் விளங்கினும் உள்ளே சுழல்வது இம்மூவருள் ஒருவரது தட்டேயாம்.

பெயரின் புகழ் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு ஒரு வரலாறு கூறுவோம். 2000-ஆம் ஆண்டில் ஐ. பி. எம். வெளியிட்ட டெஸ்க்ஸ்டார் 75 ஜி. எக்ஸ். பி. என்னும் வரிசைத் தட்டுகள் பெருவாரியாகப் பழுதுற்றன. டெஸ்க்ஸ்டார் என்ற பெயரையே மக்கள் டெத்ஸ்டார், அதாவது மரணத் தாரகை, என மாற்றி வைது வழங்கினர், வழக்கும் தொடரப்பட்டது. 2003-இல் அத்தொழில் ஹிட்டாச்சி நிறுவனத்தார் கைக்கு மாறிற்று. பின்னர், இணையவழிச் சேமிப்புத் தொழில் நடத்தும் பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தார், தாம் ஆளும் பல்லாயிரம் தட்டுகளின் கணக்கை 2014-இல் வெளியிட்டபோது, மிகக் குறைவாகப் பழுதுற்றவை ஹிட்டாச்சித் தட்டுகளே என்று கண்டனர். அதற்கு முன்னரே, 2012-இல், அத்தொழில் வெஸ்டர்ன் டிஜிட்டல் வசமாகிவிட்டது. ஒரே மரபில் வந்த தட்டு ஒருகால் இகழப்பட்டது, மற்றொருகால் புகழப்பட்டது, பின்னர்ப் பெயரே மாறியது. இதில் எப்பெயரை நம்புவது?

ஒரு பெயருக்குள்ளேயும் இவ்வேறுபாடு உண்டு. அப்பேக்பிளேஸ் கணக்கிலேயே சீகேட் நிறுவனத்தாரது 3 டெராபைட்டுத் தட்டு வகையொன்று மிகுதியாகப் பழுதுற்று அவப்பெயர் எய்தியது. அந்நிறுவனத்தாரே செய்த 6 டெராபைட்டு வகையொன்றோ பல ஆண்டுகள் உழைத்து நற்பெயர் பெற்றது. ஆதலின் நிறுவனம் நன்று, நிறுவனம் தீது என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. கூறுவதாயின் இன்ன நிறுவனத்தார் இன்ன ஆண்டிற் செய்த இன்ன மாடல் என்று வரையறுத்தே கூறல் வேண்டும். அங்ஙனம் வரையறுத்துக் கணக்கெடுத்தற்குச் சில ஆண்டுகள் செல்லும். கணக்கு முடிவதற்குள் அம்மாடல் கடையினின்றும் மறைந்துபோதலும் உண்டு.

தட்டுச் செய்வோர் தாம் தரும் குறிப்பிற் கூறும் கணக்கையேனும் நம்பலாமா? பத்து லட்சம் மணி நேரத்துக்கு ஒருமுறையே பழுது நேரும் என்பது போன்ற எண்களை அவர்கள் தருவர். பத்து லட்சம் மணி என்பது ஏறத்தாழ 114 ஆண்டு. ஒரு தட்டு 114 ஆண்டு உழைக்கும் என்பது இதன் பொருளன்று. ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒன்றினும் குறைவாகவே பழுதுறும் என்பதே பொருள். அமெரிக்காவிற் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஏறத்தாழ ஒரு லட்சம் தட்டுகளின் வரலாற்றை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவோ வேறு. ஆண்டுதோறும் மாற்ற நேர்ந்தவை பொதுவாக நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை என்றும், சிலவிடங்களிற் பதின்மூன்று வரை சென்றது என்றும் அவர்கள் கண்டனர். அவ்வாண்டிலேயே கூகுள் நிறுவனத்தாரும் தம்முடைய ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டனர். பழுதுற்ற தட்டுகளிற் பாதிக்கு மேற்பட்டவை, முன்னறிவிப்புகளுள் தலையாய நான்கனுள் ஒன்றையேனும் காட்டாமலே மாய்ந்தன என்பது அவர்கள் கண்ட உண்மை. கூற்றுவன் ஓலை விடுத்து வருவதில்லை என்னும் நம் முன்னோர் கருத்து இத்தட்டுக்கும் பொருந்துவதாயிற்று. மேற்கூறிய பேக்பிளேஸ் கணக்கில், 2021 முதல் 2024 வரையுள்ள ஆண்டுகளிற் பழுது நூற்றுக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தது. தொழில் முன்னேறியுள்ளது என்பது மகிழ்ச்சிக்குரியதே. பழுது ஒழிந்தது என்று கூறுவார் ஒருவரும் இலர்.

ஈண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மட்டமான தட்டு ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று பழுதுறுவது என்றும், உயர்ந்த தட்டு நூற்றுக்கு ஒன்று பழுதுறுவது என்றும் கொள்க. மட்டமானதை விடுத்து உயர்ந்ததை வாங்குவோன் தன் இடரை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்கின்றான். மற்றொருவனோ மட்டமான தட்டையே இரண்டாக வாங்கி, ஒரே செய்தியை இரண்டிலும் எழுதி, இரண்டையும் வெவ்வேறிடத்தில் வைக்கின்றான். ஒன்றன் பழுது மற்றொன்றைத் தொடராதாயின், ஓராண்டில் இரண்டும் ஒருங்கே பழுதுறுதல் பதினாயிரத்தில் ஒன்பது முறையே நிகழும். அஃதாவது, உயர்ந்த தட்டு ஒன்றை உடையானைக் காட்டிலும் மட்டமான தட்டு இரண்டை உடையான் பதினொரு மடங்கு அச்சமற்றவன். ஒன்று பழுதுற்றவுடன் வேறொன்று வாங்கிப் படியெடுத்துக்கொள்வானாயின் அவனுக்குள்ள இடர் இன்னும் சுருங்கும். பெயரைப்பற்றி இரவெல்லாம் வழக்கிடுவோர் மூன்று மடங்கு நன்மைக்காகப் போராடி, முப்பது மடங்கு நன்மையைக் கைநழுவ விடுகின்றனர் என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின் தட்டைத் தேர்தலே வேண்டாவோ எனின், அற்றன்று. கண்ணை மூடிக்கொண்டு வாங்குதல் அறிவுடைமை ஆகாது. வாங்குவோர் நோக்கத்தக்கன சில உள. முதலாவது, தட்டு எழுதும் முறை. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறும்படி, கூரைக்கு ஓடு வேய்ந்தாற்போல, எழுதும் முறையொன்று உண்டு. அஃது இடத்தை மிகுதியாக்கும், ஆனால் எழுதியதை மாற்றி மாற்றி எழுதும்போது மெல்லெனச் செல்லும். மூன்று நிறுவனத்தாரும் தம் தட்டுகள் சிலவற்றில் இம்முறையை வாங்குவோர்க்கு விளங்க அறிவியாமலே விற்றமை 2020-இல் வெளிப்பட்டது. ஆதலின் எம்முறையது என்று கேட்டு வாங்குக. இரண்டாவது, உத்தரவாதக் காலம். ஒரே நிறுவனத்தார் ஒரு வகைக்கு இரண்டாண்டும் மற்றொரு வகைக்கு ஐந்தாண்டும் தருவராயின், அவர்களே எதனை மிகுதியாக நம்புகின்றனர் என்பது வெளிப்படை. மூன்றாவது, விற்போனது நேர்மை. பயன்படுத்திய சீகேட் தட்டுகள் புதியனபோல விற்கப்பட்டமை 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிற் கண்டறியப்பட்டது. தட்டின் வரிசை எண்ணை அந்நிறுவனத்தாரது இணையதளத்தில் இட்டு உத்தரவாதம் உளதா என்று நோக்குதலும், தட்டு இதுவரை ஓடிய மணிக்கணக்கைக் கணினியில் நோக்குதலும் ஒவ்வொருவரும் செய்யக்கூடியனவே. நான்காவது, வாங்கியவுடன் அதனை முழுவதும் நிரப்பிப் படித்துச் சோதித்தல். பிறவிக் குறையுள்ள தட்டு பெரும்பாலும் முதற் சில திங்களிலேயே தன் குறையைக் காட்டிவிடும்.

ஆயினும் உத்தரவாதம் என்னும் சொல்லால் மயங்கற்க. உத்தரவாதம் தட்டுக்கே அன்றித் தட்டிலுள்ள செய்திக்கு அன்று. பழுதுற்ற தட்டைக் கொடுத்தால் நிறுவனத்தார் வேறு தட்டுத் தருவர். அதில் நம் ஆய்வுக் கட்டுரை இராது, காலஞ்சென்ற பாட்டனாரது குரல் இராது. ஓலைச்சுவடி எரிந்தது என்று வருந்துவோனிடம் ஒரு கட்டுப் பனையோலையைக் கொடுத்து ஆற்றுவதற்கு ஒப்பாகும் அது.

ஓலைச்சுவடி என்றவுடன் முன்னர்க் கூறுவோம் என்ற தகடூர்க் கதைக்கு வருகின்றோம். அதியமானது தகடூரின்மேற் சேரமன்னன் படையெடுத்துச் சென்ற செய்தியைப் பொருளாகக் கொண்டது தகடூர் யாத்திரை என்னும் பழைய நூல். அந்நூல் இன்று நமக்கு முழுமையாகக் கிடைத்திலது. அதன் பாடல்கள் சில மட்டும் புறத்திரட்டு என்னும் தொகைநூலுட் சேர்க்கப்பெற்றமையானும், தொல்காப்பிய உரையில் மேற்கோளாகக் காட்டப்பெற்றமையானும் உயிர் பிழைத்து நிற்கின்றன. இதன்கண் ஒரு நுட்பம் உண்டு. மூல ஏடு எத்துணை நல்ல ஓலையில் எழுதப்பட்டிருந்தது, எழுதியோன் கை எத்துணைத் திருத்தமானது என்பன அந்நூலைக் காக்கவில்லை. யாரோ ஒருவர் வேறொரு நூலிற் பெயர்த்தெழுதிய பகுதியே பிழைத்தது; பெயர்த்தெழுதப்படாத பகுதி மறைந்தது. தகடூரை எறிந்த அச்சேர மன்னனைப் பாடிய அரிசில்கிழாரது பத்துப் பாடல்கள் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தாக இன்றும் உள. ஆனால் அந்நூலின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் மறைந்தன. 1904-இல் அதனைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்கள் ஊர் ஊராய்த் தேடியும் அவை கைக்கு எட்டவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிற் பழைய ஏடுகள் தீயிலிடப்பட்ட செய்தி கேட்டு அப்பெரியார் உள்ளம் நொந்ததைத் தமிழுலகம் அறியும்.

பனையோலை சில நூற்றாண்டுக்குமேல் நில்லாது என்பதை நம் முன்னோர் அறிவர். அறிந்தும் அவர்கள் எந்த ஊர்ப் பனை சிறந்தது என்று வழக்கிட்டுக் காலங்கழித்தாரல்லர். பழைய ஏடு இற்றுப்போகுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினர். ஒப்புநோக்கிப் பிழை திருத்தினர். வேற்றூர் மாணாக்கன் படியெடுத்துச் செல்ல இசைந்தனர். சங்க நூல்கள் நம்மை வந்தடைந்தது அவ்வழக்கத்தால். பல நூல்கள் வாராமற்போனது அவ்வழக்கம் தளர்ந்தமையால்.

படிகள் பலவாயினும் ஓரிடத்தேயிருப்பின் பயனில்லை என்பதற்கும் நம் இனத்தின் வரலாறே சான்று பகரும். 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அச்சிட்ட நூல்களுக்கு வேறிடங்களிற் படி இருந்திருக்கும். ஒற்றைப்படியாக அங்கிருந்த கையெழுத்து ஏடுகளோ மீளாவாயின. இதற்கு மாறாக, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தமிழ் நூல்களைக் கணினியில் தட்டெழுதி எவரும் கொள்ளுமாறு இணையத்தில் இட்டனர். அந்நூல்கள் உலகெங்கும் எத்துணையோ கணினிகளில் இன்று படிந்து கிடக்கின்றன. அவற்றை அழிக்க ஒரு தீ போதாது; ஒரு தட்டின் பழுது போதவே போதாது.

இவற்றால் நம்மனோர் செய்யற்பாலது யாது? மாணாக்கர் கையில் இரண்டு தட்டு வாங்கப் பொருள் ஏது என்று வினவுவர் சிலர். அவர்க்கு யாம் கூறும் விடை இது. பெரிய தட்டு ஒன்று வாங்கும் பொருளுக்குச் சிறிய தட்டு இரண்டு வாங்க முயல்க. நம் தட்டில் நிரம்பிக் கிடப்பவற்றுட் பெரும்பகுதி திரைப்படமும் பாட்டுமே. அவை போயின் மீண்டும் கிடைக்கும். நாமே எழுதியது, நாமே எடுத்தது, நாமே ஒலிப்பதிவு செய்தது ஆகிய இவையே மீளாதவை. இவை பெரும்பாலும் சிறிதளவு இடத்தே அடங்கும். அதனை மட்டும் பிரித்தெடுத்து மூன்று படியாக்குக. இரண்டு படிகள் இருவேறு நிறுவனத்தார் தட்டுகளில் இருக்கட்டும். ஒரே நிறுவனத்தார் ஒரே நாளிற் செய்தவை ஒரே குறையை உடையனவாதல் கூடும். ஈண்டுத்தான் நிறுவனப் பெயர் உண்மையாகவே பயன்படுகின்றது. எது சிறந்தது என்பதற்காக அன்று, இரண்டும் வேறு என்பதற்காக. மூன்றாவது படி வேற்றூரிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். இணையச் சேமிப்பையே முழுவதும் நம்புதலும் தகாது. கடவுச்சொல் மறந்தாலும் கணக்கு முடக்கப்பட்டாலும் அதுவும் போம். ஆண்டுக்கொருமுறை எல்லாத் தட்டுகளையும் கணினியிற் பூட்டிக் கோப்புகளைத் திறந்து பார்த்தல் இன்றியமையாதது. திறந்து பாராத படி, படியன்று; படி உண்டென்னும் நினைப்பே அது.

இது கம்பைநல்லூர் போன்ற சிற்றூரார்க்குப் பிறரினும் மிகுதியாக வேண்டுவதாகும். தலைநகரத்துச் செய்திகளைப் பலரும் பலவிடத்தும் பதிந்து வைப்பர். எங்கள் மாவட்டத்து வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் நடுகற்களையும், ஊர்க்கோயிற் கல்வெட்டுகளையும், நாற்று நடுவோரும் தாலாட்டுவோரும் பாடும் பாடல்களையும் எங்களையன்றிப் பதிவோர் யாவர்? இளைஞர் பலர் இந்நாளில் ஆர்வத்தோடு இவற்றைப் படமெடுத்தும் ஒலிப்பதிவு செய்தும் வருகின்றனர். அவையெல்லாம் பெரும்பாலும் ஒருவரது கைப்பேசியிலோ ஒரே வன்தட்டிலோ தனித்துக் கிடக்கின்றன. பாடிய மூதாட்டியர் ஒவ்வொருவராய் மறைகின்றனர்; கல்லின் எழுத்தும் வெயிலிலும் மழையிலும் தேய்கின்றது. அவர்க்குப்பின் எஞ்சுவது அவ்வொற்றைத் தட்டேயாயின், மற்றொரு தகடூர் யாத்திரையை நம் கண்ணெதிரே இழந்தவராவோம். இம்முறை மேற்கோள் காட்டுதற்கும் ஓர் உரையாசிரியர் இரார். ஊர்தோறுமுள்ள பள்ளியும் பொதுநூலகமும் இத்தகைய பதிவுகளுக்கு ஒரு படி பெற்றுக் காக்கும் கடமையை மேற்கொள்ளுதல் வேண்டும். நம் கல்லூரி நூலகம் அதற்கு வழிகாட்டினால் பெருநன்மை விளையும்.

ஆதலின் அன்பர்களே, எந்த நிறுவனத்துத் தட்டு நம்பத்தக்கது என்று யாரேனும் வினவின், உமது செய்திக்கு எத்தனை படி உள, அவை எங்கெங்கே உள, கடைசியாகத் திறந்து பார்த்தது என்று என எதிர்வினா எழுப்புங்கள். இம்மூன்றுக்கும் விடை உடையார் எத்தட்டையும் வாங்கலாம். விடை இல்லாதார்க்கு எத்தட்டும் துணையாகாது.